மாதா போன வழி

எனக்கு வழி தெரியாது. தத்துவமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. மாலுக்குப் போனால் ஸ்கூட்டரை எந்தத் தூணருகே நிறுத்தினேன் என்று மறந்து அடித்தளம் முழுக்கச் சுற்றுவேன். கடைசியில் காவலாளி பரிதாபப்பட்டு என்னை அழைத்துப்போய் வண்டியிடம் ஒப்படைப்பார். மண்ணூர்பேட்டையில் குடியேறி நான்கு வருடமாகிறது. பால் வாங்கப் போய் வேறு தெரு வழியாகத் திரும்பினால், இன்னமும் மனைவி கோமளாவுக்கு போன் செய்துதான் வீடு வந்து சேர்கிறேன். இப்படிப்பட்ட எனக்குக் கிடைத்த வேலை மேப் கம்பெனியில். என் மனைவி இதை விருந்தாளிகளிடம் சொல்லும்போது சரியான இடத்தில் ஓர் இடைவெளி விடுவாள். அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் காபி வரும்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். உங்கள் போனில் இருக்கும் மேப்பைச் செய்வது ஒரு பெரிய கம்பெனி. அதற்கு வேலை பார்ப்பது ஒரு நடுத்தரக் கம்பெனி. அதற்கும் வேலை பார்க்கிற ஒரு சின்னக் கம்பெனியில், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். 'இங்கே ஒரு கடை இருக்கிறது', 'இந்த ஓட்டலை மூடிவிட்டார்கள்' என்று பொதுமக்கள் அனுப்புவதைப் பார்த்து 'சரி' அல்லது 'இல்லை' என்று அமுக்குவது என் பணி. பிரேசிலில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறதா இல்லையா என்று அறந்தாங்கிக்காரன் ஒருவன் அம்பத்தூரில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறான். பிரேசில்காரர்களுக்கு இது தெரியாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

எங்கள் அடுக்ககத்தின் பெயர் லேக் வியூ. ஏரி கிடையாது. பால்கனியில் நின்றால் தெரிவது தகரக் கூரைகள். எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியபடி, எஸ்டேட்டின் பின்பக்க கேட்டிலிருந்து கால்வாய்க்கரை வரைக்கும் ஒரு சந்து. அதன் இரண்டு பக்கமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு எழுபது எண்பது வீடுகள். சகாயமாதா நகர் என்று பெயர்.

மேப்பில் எங்கள் கட்டடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் இருக்கும். ஜிம் இருக்கும். தரைத்தளத்தில் நாய்களுக்கு முடிவெட்டும் சலூன் இருக்கும், நாலரை நட்சத்திரத்தோடு. சாயங்காலம் வாசலில் வந்து நிற்கும் பானிபூரி வண்டிகூட இருக்கும். சுவரைத் தாண்டினால் சாம்பல் நிறம். வீடுகள், டீக்கடை, தையற்கடை, இஸ்திரி வண்டி, எல்லாம் அந்தச் சாம்பலுக்கு அடியில்.

அருள்செல்வி அக்கா அந்தச் சாம்பலிலிருந்துதான் தினமும் எனக்குச் சாப்பாட்டு கேரியரை நீட்டுவார்.

சுவரின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு முழ நீளத்துக்குச் சில்லு இல்லை. யார் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அசோசியேஷன் கூட்டத்தில் இரண்டு முறை இதைப் பேச எடுத்தார்கள். இரண்டு முறையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். செயலாளர் நடேசன் சாருக்கும் வெள்ளிக்கிழமை மீன்குழம்பு அந்த வழியாகத்தான் வருகிறது.

ஆனால் அக்காவின் உண்மையான வாடிக்கை நாங்கள் அல்ல, எஸ்டேட்டின் லேத் பட்டறைக்காரர்கள். அக்காவின் கணவர் கிறிஸ்துராஜ் அண்ணன் ஒரு பட்டறையில் ஃபிட்டர். வேலைக்குப் போகும்போது கேரியர்களைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு, அந்த அகலம் சந்தில் நுழையாது என்பதால் கால்வாய்க்கரை வழியாகச் சுற்றிப் போவார். இப்போதெல்லாம் பட்டறைப் பையன்கள் மிஷின் ஓடும்போதே போனைத் தேய்த்து பிரியாணி வரவழைக்கிறார்கள். சைக்கிள் மாதத்துக்கு மாதம் இளைத்துக்கொண்டே வந்தது.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. அந்தச் சாப்பாட்டு ஆப்பிலேயே சேர்ந்துவிடுவது என்று முடிவெடுத்தார். சேர்த்துவிட ஒருவன் வந்தான். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தானாம்.

"அக்கா, ஒங்க ஊடே இல்லன்னு சொல்லுதுக்கா."

"அப்ப நீ எங்க நின்னுகினு டீ குடிக்கிற?"

அவன் டீயைக் குடித்து முடித்தான். மேப்பில் ஒரு தெருவும், தெருவில் ஒரு புள்ளியும் வந்தால் கூப்பிடுங்கள் என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் காலை சுவரில் கேரியரோடு இந்தக் கதையும் வந்தது. அப்போது செப்டம்பர் கடைசி.

"இன்னா தம்பி, நீ மேப்பு கம்பெனிலதான கீற. எங்க தெருவ ஒரு கோடு இஸ்து உடேன்."

"அவ்வளவுதானேக்கா. ரெண்டு நாள்ல பண்ணிடலாம்."

எங்கள் தொழிலில் 'ரெண்டு நாள்' என்பது காலக்கணக்கு அல்ல, ஒரு வகை வேண்டுதல். அக்காவுக்கு அது தெரியாது.

"ரெண்டோ இருவதோ, அக்டோபருக்குள்ள ஆவணும். இல்லன்னா நவம்பர் ஒண்ணாந்தேதி பக்கத்தூட்டு நாகம்மாகூட மாலுக்குப் போறேன். ஹவுஸ்கீப்பிங்கு. யூனிஃபார்ம்கூட குடுத்துட்டாங்க."

"நீங்களாக்கா? மாலுக்கா?"

"ஏன், நான் தொடச்சா தரை பளபளன்னு ஆவாதா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு கேரியரின் பிடியைச் சரிசெய்தபடி குரலைத் தாழ்த்தினார். "ஆவும். ஆனா அங்க எவனும் வந்து, இன்னிக்கு கொழம்பு இன்னான்னு கேக்க மாட்டான் தம்பி. இத்தினி வருசமா அந்த ஒரு கேள்விலதான் என் வண்டி ஓடிகினு கீது."

அன்றே ஆபீசில் உட்கார்ந்து அந்தச் சந்தை வரைந்தேன். அதன் கால்வாய்க்கரை முனையில் 'அருள் மெஸ்' என்று ஒரு புள்ளி வைத்தேன். நம் வீட்டுப் பக்கத்து இடத்தை நாமே 'சரி' என்று அமுக்கக் கூடாது என்பது விதி. அதனால் அது எங்கள் டீம் லீட் ரோஷினியிடம் போனது. ரோஷினி ஈரோட்டுக்காரர். கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அதனால் திட்டு முடிந்து நாற்காலிக்குத் திரும்பிய பிறகுதான் வலிக்கும்.

"பாருங்க அழகேசன், மேலிருந்து பார்த்தா இங்க ரோடே இல்லைங்க. ஒரே கூரை."

"கூரைக்குக் கீழதான் ரோடு. ரெண்டு பக்கத் தகரமும் நடுவுல தொட்டுக்குது."

"சரிங்க, அப்ப ஆள் நடமாட்டமாவது தெரியணுமில்ல? போனெல்லாம் வடக்க கொஞ்சம் நகருது, தெற்க கொஞ்சம் நகருது. நடுவுல ஒண்ணும் இல்லைங்க. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு யாருமே நடக்கறதில்ல. அதை எப்படித் தெருங்கறது?"

அவர் சொன்னது உண்மை. வடக்குப் பாதி ஜனம் எஸ்டேட் கேட் பக்கமாக வெளியே போகும். தெற்குப் பாதி ஜனம் கால்வாய்க்கரைப் பக்கமாக. நடுவில் ஒரு மின்கம்பம், அதைச் சுற்றி ஒரு வளைவு. அடுத்த பாதிக்கு தினமும் நடக்க யாருக்கும் வேலை இல்லை. கம்ப்யூட்டரின் கண்ணுக்கு அது இரண்டு முட்டுச்சந்து, நடுவில் மர்மம்.

அருள் மெஸ்ஸை நிராகரித்தார். காரணம் என்ற கட்டத்தில், 'சாலை இல்லாத இடத்தில் உணவகம் இருக்க வாய்ப்பில்லை' என்று எழுதினார். அன்று மதியம் அந்த வாய்ப்பில்லாத உணவகத்தின் கத்தரிக்காய் காரக்குழம்பை என் கேரியரிலிருந்து இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். நல்லா இருக்குங்க என்றார்.

மறுநாள் காலை சுவரருகே நின்று நான் ஒரு யோசனை சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன யோசனைகளை வரிசைப்படுத்தினால் இதற்கு நல்ல இடம் கிடைக்கும். எந்தப் பக்கத்திலிருந்து என்பதுதான் கேள்வி.

"அக்கா, கடைன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. கோயில், சர்ச்னா நாலு பேர் போட்டோ போட்டாலே ஏறிடும். உங்க சந்துல கெபி, அதான் மாதா சிலை வச்ச சின்னக் கோயில், ஏதாவது இருக்கா?"

"கட்டணும்னு பத்து வருசமா பேசிகினு கீறாங்க. எங்க கட்றதுன்னு சண்டை. கெபி இல்ல, மாதா கீறாங்க."

"அது போதும்க்கா. மாதா எங்க இருக்காங்களோ அங்க நின்னு போட்டோ எடுத்து, இடத்தைச் சேர்க்கச் சொல்லுங்க. அத வச்சு பக்கத்துலயே மெஸ்ஸப் போட்டுடலாம்."

எப்படிச் சேர்ப்பது என்று விளக்கி ஒரு குரல் பதிவும் அனுப்பினேன். என் மனதில் இருந்த மாதா ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு பீடத்தின் மேல், முன்னால் உண்டியலோடு, வைத்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா அந்தப் பதிவைத் தங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவைத்தார். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபம் சொல்லும் கூட்டம். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பல விஷயங்களைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்குள் என்னை இந்தோனேசியா பக்கம் மாற்றிவிட்டார்கள். அக்டோபர் முழுக்க ஜாவாவில் எந்த மசூதிக்குப் பக்கத்தில் எந்த டயர் கடை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் சுவரில் அக்கா கேட்பார்.

"ஆவுதா தம்பி?"

"ஆகிட்டு இருக்குக்கா."

"எங்க சைடுல நாங்க தெனம் கரெக்டா போட்டுகினுதான் கீறோம்."

'தெனம்' என்றாரே, அந்த ஒரு சொல்லையாவது நான் கவனித்திருக்க வேண்டும். கேரியரின் மேல்தட்டில் என்ன பொரியல் என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசிக்கு முந்தைய நாள் ரோஷினி என்னைக் கூப்பிட்டார். அவர் திரையில் நம் மண்ணூர்பேட்டை. லேக் வியூவுக்குப் பக்கத்துச் சாம்பல் நிறத்தில் அம்மை போட்ட மாதிரி சிலுவைக் குறிகள்.

"ஸ்பாம் அட்டாக்குங்க. யாரோ இடம் வளைக்கற ஆளுங்க வேலையா இருக்கும். ஒரு ஏக்கருக்குள்ள முப்பது கெபி. ரோம்லகூட இவ்வளவு கிடையாதுங்க."

ஒவ்வொரு கெபிக்கும் படம் இருந்தது. மல்லிகைச்சரம், சீரியல் லைட், நடுவில் கைக்குழந்தை உயரத்துக்கு ஒரு மாதா சுரூபம். எல்லாப் படத்திலும் அதே மாதா. பின்னணியில்தான் ஒரு படத்தில் பீரோ, ஒரு படத்தில் தையல் மிஷின், ஒரு படத்தில் பிள்ளையார் காலண்டர். விமர்சனங்களும் இருந்தன.

'மாதா இன்னிக்கி எங்க ஊட்ல. சுண்டல் சூப்பர்.' ஐந்து நட்சத்திரம்.

'சீரியல் லைட் பாதி எரியல. மத்தபடி ஓகே.' நான்கு.

'கூட்டம் ஜாஸ்தி. செருப்ப காணோம்.' மூன்று.

'மாதாவே, தண்ணி லாரியையும் வரச் சொல்லுங்க.' ஐந்து.

"நாளைக்குள்ள எல்லாத்தையும் நீக்கிட்டு, போட்ட நம்பரையெல்லாம் தடை பண்ணச் சொல்றாங்க," என்றார் ரோஷினி. அந்த நம்பர்களின் பட்டியலில் முதலாவது எனக்கு மனப்பாடமான நம்பர். அதைத் தடை செய்தால் அருள் மெஸ் மேப்பில் ஏறாது, அக்கா எந்த ஜென்மத்திலும் அந்த ஆப்பில் கடை போட முடியாது.

"ரோஷினி, இது இடம் வளைக்கற ஆளுங்க இல்ல. நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னைப் பார்த்தால் ஒரு நாற்காலியைக்கூட வளைக்க முடியாத ஆள் என்று தெரிந்திருக்கும். அக்காவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அக்கா, மாதா எங்க இருக்காங்க?"

"இன்னிக்கா? நாகம்மா ஊட்ல. நேத்து தையக்காரரு ஊட்ல இருந்தாங்க. நாளைக்கு நம்ம ஊடு. முடிவு நாளு, சாப்பாடு கீது, கோமளாவ இட்டுகினு வந்துடு."

"ஒரே இடத்துல இருக்க மாட்டாங்களா?"

"ஜெபமாலை மாசத்துல எப்டி தம்பி ஒரே எடத்துல இருப்பாங்க? ஊடு ஊடாத்தான் போவாங்க. நீதான சொன்ன, மாதா எங்க கீறாங்களோ அங்க நின்னு போடச் சொல்லி."

ரோஷினி "நாகம்மாவா?" என்று முணுமுணுத்தார். ஸ்பீக்கர் அந்தப் பக்கமும் நல்ல ஸ்பீக்கர்.

"ஆமாம்மா, அவங்க மாரியாத்தா கும்புட்றவங்கதான். அதுக்காக அவங்க ஊட்ட தாண்டிப் போனா நல்லாவா கீது?"

போனை வைத்ததும் ரோஷினி திரையில் விதிப் புத்தகத்தைத் திறந்தார். நகர்கிற எதுவும் இடம் ஆகாது என்பது விதி. பிறகு, "நேர்ல போய்ப் பார்த்தா தடையைத் தள்ளிவைக்கலாம்னு ஒரு பிரிவு இருக்குங்க. இதுவரைக்கும் யாரும் போனதில்ல," என்றார். பிரேசிலுக்கு யார் போவது? இது எங்கள் ஆபீசிலிருந்து நடக்கிற தூரம்.

மறுநாள் சாயங்காலம் போனோம். வழிகாட்டி நான் என்பதால், எஸ்டேட்டுக்குள் ஒரே கெமிக்கல் கம்பெனியை மூன்று முறை கடந்தோம். ரோஷினி போனைக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் கெபிப் புள்ளி காட்டிய இடத்துக்கு நடந்தார். பின்பக்க கேட்டைத் தாண்டியதும் ஒரு தகரத்துக்கு அடியில் சந்து திறந்தது.

சந்து முனையில் கன்னியப்பனின் டீக்கடை. எங்கள் கழுத்து அட்டைகளைப் பார்த்தார்.

"மேப்புகாரங்களா? ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. தெரியாம கீற வரைக்கும்தான் இங்க பொழப்பு. தெரிஞ்சா அளக்க வருவான். அளந்தா இடிக்க வருவான்."

எங்களைக் கூட்டிப்போக வந்த அருள்செல்வி அக்காதான் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னார்.

"தெரியாம கீறப்போ மட்டும் இன்னா அண்ணாத்தே கிழிஞ்சுது? வெள்ளத்தப்போ தண்ணி கரெக்டா வந்துச்சு. போட்ல சோறு எத்துகினு வந்தவன்தான் வழி தெரியலன்னு லேக் வியூ வாசல்லயே நின்னுட்டான்."

"அது வேற, இது வேற."

"இடிக்கிறவன் மேப்பு பாத்துகினா வர்றான்? அவனுக்கு நம்ம அட்ரஸ் எப்பவும் தெரியும். கறிச்சோறு வாங்க வர்றவனுக்குத்தான் தெரியல."

"ஒங்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்ற கன்னியப்பன் எங்கள் இருவருக்கும் டீ போட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் கவலை தீர்ந்ததாக முகத்தில் தெரியவில்லை. எனக்கும் அது முழுக்கத் தீரவில்லை.

உள்ளே நடந்தோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஏதாவது ஒரு வாசலில் ஏறி நிற்க வேண்டும். மின்கம்ப வளைவில் ரோஷினி நின்றார்.

"ஏங்க, மாதா எந்த வரிசையில போவாங்க?"

"ஒண்ணாந்தேதி அதோ அந்த முனை, பெயிண்டர் ஊடு. அங்கேர்ந்து வரிசையா. ரெண்டு மூணு ஊடு சேந்து ஒரு நாளு. யாரையும் உட்டுட்டுப் போவ மாட்டாங்க."

அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு தண்ணீர் டிரம்மின் மேல் ரோஷினி உட்கார்ந்துகொண்டார். முப்பது கெபிகளையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு விரலால் இழுத்தார். கோடு கொஞ்சம் தள்ளாடியது. தகரத்துக்கு அடியில் போன் அப்படித்தான் காட்டும். ஆனாலும் வடக்கு முனையில் தொடங்கியது, கம்பத்தருகே வளைந்தது, கால்வாய்க்கரையில் முடிந்தது. நான் பார்த்தேன். நாங்கள் நின்றுகொண்டிருந்த சந்து, உள்ளங்கையில்.

"இந்த ரெண்டு பாதியையும் சேர்த்து நடந்த ஒரே ஆள் மாதாதாங்க," என்றார் ரோஷினி. பிறகு அவருக்குள் இருந்த டீம் லீட் எழுந்தார். "ஆனா புள்ளி போதாதுங்க. நடை வேணும். நிறைய போன், முனையிலிருந்து முனை வரைக்கும், நடுவுல விட்டுப்போகாம."

"எவ்ளோ போனு?" என்றார் அக்கா.

"எவ்வளவு இருக்கோ அவ்வளவுங்க."

"அப்ப செரி. இன்னிக்கு முடிவு நாளு. மாதாவ முத ஊட்டாண்ட இட்டுகினு போயி, அங்கேர்ந்து எங்க ஊடு வரைக்கும் பவனி. மொத்த ஜனமும் வரும்."

இருட்டத் தொடங்கியபோது வடக்கு முனையில் கூட்டம் சேர்ந்தது. பெயிண்டரின் அண்ணன் தம்பிகள் மாதாவைத் தோளில் ஏற்றினார்கள். அக்கா மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் கவனிங்க. பாட்டு புக்க எடுத்துக்கோங்க. மெழுவர்த்தி எடுத்துக்கோங்க. போன்ல லொகேசன ஆன் பண்ணிக்கோங்க. நடுவுல யாரும் ஊட்டுக்குள்ள பூந்துடக் கூடாது, கடைசி வரைக்கும் நடக்கணும்." அதே மூச்சில் ஜெபத்தைத் தொடங்கினார்.

ஒரு கையில் மெழுகுவர்த்தி, ஒரு கையில் போன் என்று அத்தனை பேரும் நடந்தார்கள். கிறிஸ்துராஜ் அண்ணன் தன் போனையும் தன் பட்டறை முதலாளியின் பழைய போனையும் சட்டைப்பையில் போட்டிருந்தார். கன்னியப்பன் கடையைப் பாதி சாத்திவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற நடையில் கடைசியாக வந்தார்; அவர் போனிலும் இருக்கும் இடம் காட்டும் நீலப் புள்ளி மினுங்கியது. நாகம்மாள் கம்பத்தருகே மாதாவுக்குக் கற்பூரம் காட்டினார். கோமளா பக்கத்தில் வந்தவரிடம் பாட்டுப் புத்தகத்தை வாங்கி, தெரியாத மெட்டுக்குத் துணிச்சலாகப் பாடினாள். அந்த ஒற்றைச் சந்தில்கூட நான் கூட்டத்தோடு ஒதுங்குவதாக நினைத்து யாரோ ஒருவரின் சமையலறைக்குள் நுழைந்துவிட்டேன். "இது எங்க ஊடு தம்பி, முன்னால போ," என்று ஒரு அம்மா தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். பிற்பாடு ரோஷினி சொன்னார்: மொத்தத் தடத்திலும் வழிதவறியது ஒரே ஒரு போன்தானாம்.

மறுநாள் நவம்பர் ஒன்று. இரவே நாங்கள் அனுப்பிய பவனித் தடமும் அருள் மெஸ் புள்ளியும் மேலே இருக்கிற கம்பெனிக்கும் அதற்கு மேலே இருக்கிற கம்பெனிக்கும் போயிருந்தன, முடிவு வரவில்லை.

"மால்ல ஒரு வாரம் டைம் கேக்கலாமே," என்று அக்கா கேட்டாராம்.

"சூப்ரவைசர் இன்னா உன் மாமனாரா?" என்றாராம் நாகம்மாள்.

காலையில் சுவரில் கேரியர் இல்லை. அக்காதான் நின்றுகொண்டிருந்தார், நீலக் கோட்டும் தலையில் வலைத்தொப்பியுமாக.

"இன்னிக்கு சமைக்கல தம்பி. வெளில எங்கனா பாத்துக்க." கண்ணாடிச் சில்லு இல்லாத அந்த ஒரு முழத்தைக் கையால் ஒரு தடவை தடவிவிட்டுப் போனார்.

அன்று ஆபீஸ் கேண்டீனில் சாம்பார் சாதம் வாங்கினேன். ரோஷினி வந்து எதிரே உட்கார்ந்து என் தட்டைப் பார்த்தார். எழுந்துபோய், மேலே இருப்பவர்களுக்கு இன்னொரு மெயில் தட்டினார். அதற்கடுத்த நாளும் தட்டினார். அந்த மெயில்களில் எத்தனை 'ங்க' இருந்தது என்று தெரியவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் என் தோளைத் தட்டினார்.

திரையில் சாம்பலுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. மெல்லியது. கம்பத்தருகே வளைந்தது.

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாலுக்குப் போனேன். மூன்று மாடியிலும் நீலக் கோட்டுகள் இருந்தன, அக்கா இல்லை. ஒரு சூப்பர்வைசர், பேஸ்மெண்ட்டில் பாருங்கள் என்றார். அடித்தளத்தில் தேடிக்கொண்டு போய், வழக்கப்படி என் வண்டி எங்கே என்பதும் மறந்து, தூண் தூணாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னா தம்பி, காணாம போயிட்டியா?"

கையில் நீளத் துடைப்பான். போனை நீட்டினேன். அக்கா கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இவ்ளோ சின்னதாவா கீது?"

"ரெண்டு விரலால பெருசாக்குங்கக்கா."

பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். வெள்ளைக் கோட்டின் கடைசியில் ஒரு சின்னக் கரண்டிப் படமும் 'அருள் மெஸ்' என்ற எழுத்தும் வந்து நின்றன. அக்கா துடைத்துவிட்டு வந்த ஈரத்தரையில் யாருடைய காரோ சத்தத்தோடு திரும்பியது.

"நாளைக்கு வெள்ளிக்கெழம," என்றார் கடைசியில். "வஞ்சரம் கெடைக்குதா பாக்கணும். கவளை வாங்கினா நடேசன் சாரு முள்ளு எடுக்கத் தெரியாம ரோதன பண்ணுவாரு." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாலு தூண் தள்ளிக் கை காட்டினார். "ஒன் வண்டி அதோ கீது. நீ வந்து உட்டப்பவே பாத்துட்டேன்."

முப்பது கெபிகளையும் ரோஷினி தன் கையாலேயே, ஒவ்வொன்றாக, விமர்சனங்களைப் படித்துவிட்டு நீக்கினார். நம்பர்களைத் தடை செய்யவில்லை. நாகம்மாளுக்குத்தான் மனத்தாங்கல். "எங்க ஊட்டு மாதாவையாவது உட்டிருக்கலாம். நாலு பேரு அஞ்சு ஸ்டாரு போட்டிருந்தாங்க," என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். தெருவுக்கு என்ன பெயர் வைப்பது என்று பெரிய சண்டை நடந்தது. அது முடிகிற வரைக்கும் மேப்பில் 'பெயரிடப்படாத சாலை' என்றே இருக்கட்டும் என்று கன்னியப்பன் தீர்மானித்தார். பேர் வைத்தால் வரி போடுவானாம்.

ஆப்காரன் திரும்பி வந்தான். டீ குடித்தான். சமைக்கிறவர் தலையில் தொப்பி இருக்கிற மாதிரி படம் வேண்டும் என்றான். மாலுக்கு நீலக் கோட்டைத் திருப்பிக் கொடுத்த அக்கா, வலைத்தொப்பியை மட்டும் மறந்துவிட்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

முதல் ஆர்டரைப் போட்டது கோமளா. மீன்குழம்பு சாப்பாடு இரண்டு. டில்லிபாபு என்கிற டெலிவரிக்காரர் எடுத்துக்கொண்டு கிளம்பியதை போனில் பார்த்துக்கொண்டு பால்கனியில் நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு. ஆனால் மேப் சுவரேற வழி காட்டாது. அவர் சந்து முழுக்க வண்டியைத் தள்ளி, எஸ்டேட் கேட்டில் ஏறி, மெயின்ரோட்டில் யூ-டர்ன் அடித்து, நாய் சலூன் வாசல் வழியாக வர வேண்டும். அந்தச் சின்ன வண்டிப் படம் வெள்ளைக் கோட்டின் மேல் மெதுவாக ஊர்ந்தது. கோமளா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் கீழே ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"தம்பி, கொழம்ப அவன்கிட்ட குடுக்கல. சுத்திகினு வந்தா கொட்டிப்புடுவான். எறங்கி வா, இந்தா புடி."